பெல் 212: இந்தப் போகமும் ஓடட்டும்

உழவு இயந்திரம் திருத்துகிறவன் உலங்குவானூர்திக்கு மதிப்புரை எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஏ 9 வீதியோரம் கராஜ் வைத்திருக்கும் நான் இதுவரை டயர், தண்ணீர்ப் பம்பி, எஞ்சின் ஒயில், நெல் வெட்டும் இயந்திரம் ஆகியவற்றின் நிறைகுறைகளை எழுதி வந்தேன். எங்கள் நாட்டு விமானப்படை பறக்கவிடும் பெல் 212 போல, கடையில் கேட்டு வாங்க முடியாத ஒரு பொருளைப் பற்றி எழுதுவது இதுவே முதல் தடவை. ஆயினும் இந்தப் பொருளின் விலையில் என்னுடைய வரிப்பணமும் இருக்கிறது. நான் வாங்கும் தேயிலையிலும் சீனியிலும் மண்ணெண்ணெயிலும் அந்த வரி சேர்ந்துதான் வருகிறது. அதற்கு மேலும் ஒரு தகுதி உண்டு. அதில் ஒரு முறை ஏறியிருக்கிறேன். அதன் கீழே குப்புறப் படுத்த நாட்களுக்குக் கணக்கில்லை.

கணக்கில்லாத அந்த நாட்களை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வன்னியில் இருந்து எழுதும் எவரும் அதை மறைத்துவிட்டு இந்தப் பொருளை மதிப்பிட முடியாது. போர்க்காலத்தில் எங்கள் பிள்ளைகள் எழுத்துப் படிக்க முன்னரே வானூர்திகளின் சத்தத்தைப் படித்தார்கள். கிபிர் என்ற போர் ஜெட் வந்தால் சத்தம் பிந்தி வரும், வண்டு என்று நாங்கள் சொன்ன வேவு விமானம் வந்தால் நாள் முழுக்க இரையும், ஹெலி வந்தால் தப், தப், தப் என்று நெஞ்சுக்கூட்டில் அடிக்கும். அந்தத் தப், தப் சத்தத்துக்குரியது பெரும்பாலும் இந்த பெல் வகைதான். இரண்டே இரண்டு அகன்ற சுழல்தகடுகள் காற்றை அடிக்கும்போது எழும் ஓசை அது. நான்கு, ஐந்து தகடுகள் கொண்டவற்றுக்கு அந்தக் கனத்த தாளம் வராது. பக்கவாட்டில் துப்பாக்கி பூட்டி அது வட்டமிட்ட காலத்தில், சத்தம் எந்தப் பக்கத்தில் தடிக்கிறது என்று கேட்டே பங்கரின் எந்த மூலையில் ஒதுங்குவது என்று தீர்மானித்தோம். என் மதிப்பீட்டில் இந்த நினைவு கலந்திருக்கிறது என்பதை வாசகர் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

பொருளுக்கு வருகிறேன். 1960களின் இறுதியில் முதன்முதலாகப் பறந்த பெல் 212, வியட்நாம் போரில் பெயரெடுத்த ஒற்றை எஞ்சின் உலங்குவானூர்தியின் உடலில் இரட்டை எஞ்சினைப் பொருத்தியதால் பிறந்தது. கனடியப் படையினரின் தேவையே அதற்குப் பெருங்காரணம். பிராட் அன்ட் விட்னி கனடா நிறுவனத்தின் பிடி6டி என்ற இரட்டை எஞ்சின், ஒன்று நின்றாலும் மற்றது கொண்டுபோய் இறக்கும் என்ற நம்பிக்கையை ஓட்டிக்குக் கொடுத்தது. ஓட்டியுடன் சேர்த்துப் பதினைந்து பேர் வரை ஏறலாம், அல்லது இருக்கைகளைக் கழற்றிவிட்டு நோயாளர் படுக்கைகளைக் கட்டலாம். ஏறக்குறைய 5,080 கிலோ வரையான மொத்த எடையுடன் எழும்பும். பக்கக் கதவு முழுவதும் பின்னோக்கி வழுக்கித் திறக்கும். வெள்ளத்தின் மேல் நின்று ஆளைத் தூக்குவதற்கும், சாக்கு மூட்டையைத் தள்ளிவிடுவதற்கும், காயப்பட்டவரை நான்கு பேராகப் பிடித்து ஏற்றுவதற்கும் அந்தக் கதவைப் போல வசதியான அமைப்பு வேறில்லை. சக்கரத்துக்குப் பதிலாகச் சறுக்குச் சட்டம் இருப்பதனால் சேற்று நிலத்தில் புதையாமல் இறங்கும். எங்கள் பகுதியின் வயல்வெளியில் மாரிகாலத்தில் எந்த வாகனம் நிற்கும் என்று என்னைக் கேட்டால், பெரிய டயர் உழவு இயந்திரத்துக்கு அடுத்ததாக இதைத்தான் சொல்வேன்.

ஆகவே செய்த கையில் பழுதில்லை. அறுபதுகளில் வரைந்த வரைபடத்துக்கு அது மிக நல்ல இயந்திரம். நான் ஐந்துக்கு நான்கு போடுவேன். குறைத்த ஒரு புள்ளி அந்த இரண்டு தகடுகளின் அதிர்வுக்கு. அது பயணிகளுக்கு அசௌகரியம் என்பதோடு நிற்பதில்லை. ஆணி, மூட்டு, பேரிங், குழாய் இணைப்பு என்று உடலில் உள்ள அத்தனையையும் இடைவிடாமல் உலுக்கிக்கொண்டே இருப்பது அந்த அதிர்வுதான்.

நான் ஏறிய கதை சில ஆண்டுகளுக்கு முந்தியது. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் உள்ள ஓர் ஊரில், வயற்கிணற்றுப் பம்பி திருத்தப் போன இடத்தில் மார்கழி வெள்ளம் என்னையும் பிடித்துக்கொண்டது. குளத்து வான் பாய்ந்து வீதி இரண்டு இடங்களில் அறுந்ததனால் பாடசாலைக் கட்டடத்தில் இருந்தோம். நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரும், சீனி வருத்தம் முற்றிக் கால் புண்ணான ஆச்சி ஒருவரும் உடனடியாக வைத்தியசாலைக்குப் போக வேண்டியிருந்தது. ஹெலி வருகிறது என்று கிராம சேவையாளர் சொன்னார். சத்தம் கேட்டதும் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடினார்கள். ஆச்சி மேசையின் கீழே போனார்.

எழுபது வயது தாண்டிய பெண், நடக்க முடியாத காலுடன், ஒரு நொடியில் வகுப்பறை மேசையின் கீழே எப்படிப் போனார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "எணை ஆச்சி, வாணை, இது சுடுறதுக்கு வரேல்லை, உன்னை ஏத்தத்தான் வருது" என்று அவருடைய பேரன் கெஞ்சினான். அவர் நம்பவில்லை. கடைசியில், முன்பின் தெரியாத நான் கூட வருவதாகச் சொல்லிக் கையைப் பிடித்த பிறகே எழும்பினார். பம்பி திருத்தப் போனவன் வவுனியாவுக்குப் பறந்த காரணம் அதுதான்.

பறந்த நேரம் கால் மணித்தியாலம் அளவில் இருக்கும். பழக்கதோஷத்தால் கண் இயந்திரத்தையே மேய்ந்தது. குழாய்ச் சட்டத்தில் கட்டிய கித்தான் இருக்கைகள் துப்புரவாக இருந்தன. தரையில் ஒயில் கறை இல்லை. கட்டுப்பட்டிகளின் தையல் புதிது. பராமரித்த கை கவனமான கை என்று ஏறிய உடனேயே தெரிந்தது. ஆனால் கதவு வழுக்கும் தண்டவாளத்தின் அடியில், பூட்ஸ் உரசி உரசி, பச்சை நிறத்தின் கீழே இன்னொரு பச்சை, அதன் கீழே மஞ்சள், அதன் கீழே வெறும் உலோகம் என்று ஆண்டுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. சுவர்த் தகட்டில் மங்கிய ரிவிற் ஆணி வரிசையின் நடுவே ஏழெட்டு ஆணிகள் மட்டும் பளபளத்தன. அந்த இடத்தில் பழைய ஆணி தளர்ந்திருக்கிறது, அல்லது தகட்டில் வெடிப்பு வந்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். செய்த வேலை நேர்த்தியானது. இருந்தும் ஒட்டு ஒட்டுத்தான். விமானப்படைப் பையன் ஒருவன் ஆச்சியின் காதுக்குப் பஞ்சு கொடுத்துவிட்டு, என் பார்வை போகும் இடத்தைக் கண்டு, எனக்கு என்ன வேலை என்று கொச்சைத் தமிழில் கேட்டான். டிரக்டர் கராஜ் என்றேன். அவன் சிரித்துவிட்டுக் கதவுச் சட்டத்தில் மாட்டைத் தட்டுவது போல இரண்டு தட்டுத் தட்டி, "இதுவும் டிரக்டர் மாதிரித்தான் ஐயா, நல்லா ஓடும்" என்றான்.

நல்லாத்தான் ஓடியது. எங்களை இறக்கிவிட்டு மறுபடியும் எழும்பிப் போயிற்று. அந்தச் சேவைக்கு நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது, அதை விளக்க என் தொழிலைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். இயந்திரத்துக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று நாட்காட்டி வயது. மற்றது ஓடிய மணித்தியாலம். உழவு இயந்திரத்தில் இரண்டாவதைப் பார்த்தால் போதும். உலங்குவானூர்தியில் சுழல்தகடு, அதைப் பிடிக்கும் மையம், கியர்பொக்ஸின் உள்ளுறுப்புகள் போன்ற உயிர்ப் பாகங்களுக்கு இத்தனை பறப்பு மணித்தியாலத்தின் பின் எறிந்துவிட வேண்டும் என்று தயாரித்தவரே எழுதிக் கொடுத்துவிடுகிறார். பார்வைக்குப் புதிது போல இருந்தாலும் எறியத்தான் வேண்டும். அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் நாற்பது வயது உலங்குவானூர்தியும் பறக்கத் தகுதியானதே. இதை ஒத்துக்கொள்ளாமல் "பழசு, ஆகவே விழும்" என்று எழுதுவது நேர்மையாகாது. சிக்கல் பணத்திலும் பாகத்திலும் வருகிறது. பெல் 212இன் உற்பத்தி 1998ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆகவே உலகத்தில் எங்கே பறக்கும் பெல் 212ஐ எடுத்தாலும் அதற்கு இன்று குறைந்தது இருபத்தேழு வயது. 1980களில் இந்த நாட்டுக்கு வந்தவற்றுக்கு நாற்பதளவு. உற்பத்தி நின்ற இயந்திரத்தின் பாகம் ஒவ்வோர் ஆண்டும் அருமையாகும், விலையேறும், வந்துசேரக் காலமெடுக்கும். 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றபோது, பாணுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற எங்களுக்கு டொலர் இல்லாமை என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வானூர்திப் பாகமும் டொலரில்தான் வருகிறது. எறிய வேண்டிய பாகத்தை எறிந்தால் பூட்டுவதற்கு வேறில்லை என்ற நிலையில், அந்தக் கொட்டகையில் நிற்கும் தொழில்நுட்பவியலாளனின் மனநிலையை நான் நன்றாக அறிவேன்.

அறிவேன் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. என் கராஜுக்கு வரும் மெசி பேகுசன் 135 உழவு இயந்திரம் ஒன்று இருந்தது. காலபோக அறுவடை நெருங்கும் நேரம், முன் அச்சில் ஏதோ கிறீச்சிடுகிறது என்று கொண்டுவந்தார்கள். நாங்கள் செய்யும் சோதனை மிகவும் எளியது. சந்தேகமான இடத்தை நன்றாகத் துடைத்து மண்ணெண்ணெய் பூசி, சிறிது நேரம் ஊறவிட்டு, மறுபடி உலரத் துடைத்து, மேலே வெண்கட்டித் தூளைத் தூவ வேண்டும். வெடிப்பு இருந்தால் அதற்குள் போன எண்ணெய் மெல்ல ஊறி வெளியே வந்து வெண்மையின் மேல் மயிரிழை போல ஒரு கோடு எழுதும். வானூர்திக் கொட்டகையில் சாயம் பூசிச் செய்யும் சோதனையின் தத்துவமும் இதுவே. அன்று அந்தக் கோடு என் சுண்டுவிரல் நீளத்துக்கு வந்தது. உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், விரலால் தொட்டார், தூள் ஒட்டிய விரலைச் சாரத்தில் துடைத்தார். "இந்தப் போகம் ஓடட்டும் அண்ணை, அடுத்த போகம் பாப்பம்" என்றார்.

அவர் கெட்ட மனிதர் அல்லர். அச்சின் விலையைச் சொன்னதும் அவருக்குள் ஓடிய கணக்கு எனக்குத் தெரிந்தது: உரக்கடன், அறுவடைக் கூலி, மகளின் வகுப்புக் காசு. வெல்டிங் வைத்துத் தரச் சொன்னார், நான் மறுத்தேன், வேறோரிடத்தில் வைத்தார். குளக்கட்டில் நெல்மூட்டையுடன் வரும்போது அச்சு வெல்டிங்கின் ஓரத்தால் முறிந்து பெட்டி சரிந்தது. கால் முறிந்தது உரிமையாளருக்கன்று; மூட்டையின் மேல் இருந்து வந்த கூலிக்காரப் பையனுக்கு.

இனிச் செய்தித்தாளில் வந்தவற்றைப் பார்ப்போம். 2025 மார்ச் 21ஆம் திகதி கே 8 பயிற்சி ஜெட் வாரியபொலவில் விழுந்தது. ஓட்டிகள் இருவரும் பரசூட்டில் குதித்துத் தப்பினார்கள். மே 9ஆம் திகதி, மாதுறு ஓயாவில் விசேட படையணியின் பயிற்சி நிறைவு விழாவுக்காகப் பறந்த பெல் 212 நீர்த்தேக்கத்தில் விழுந்தது. அதில் இருந்த பன்னிருவரில் இராணுவத்தினர் நால்வரும் விமானப்படையினர் இருவருமாக ஆறு பேர் மாண்டார்கள். நவம்பர் 30ஆம் திகதி, டித்வா சூறாவளி நிவாரணப் பணியில் இருந்த இன்னொரு பெல் 212 லுணுவிலவில் ஆற்றில் விழுந்து அதன் ஓட்டி மாண்டார். ஒரே ஆண்டில் மூன்று. அதற்கு முன், 2020 ஜனவரியில் ஹப்புத்தளையில் வை 12 என்ற சிறிய விமானம் விழுந்து நால்வர் மாண்டார்கள். அதே ஆண்டு டிசெம்பரில் கந்தளாயில் பிடி 6 பயிற்சி வானூர்தி விழுந்து பயிலுனர் ஒருவர். 2023 ஓகஸ்ட்டில் சீனக்குடாவில் அதே பிடி 6 வகை விழுந்து இருவர். பிடி 6இன் மூல வடிவம் முதலில் பறந்தது 1958ஆம் ஆண்டில். பறக்கப் பழகும் பிள்ளைக்குத் தகப்பனைவிட மூத்த வடிவத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் வயதின் தலையில் கட்டிவிட நான் வரவில்லை. மூடுபனி, மலை, தாழப் பறத்தல், ஓட்டியின் கணிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் இருக்கலாம். குழு அமைக்கிறார்கள், விசாரிக்கிறார்கள். ஆனால் பயணிகள் விமானம் விழுந்தால் உலகம் முழுவதும் வெளியிடப்படுவது போன்ற முழு அறிக்கையை இங்கே படைத்துறை விபத்துக்கு யாரும் மக்கள் முன் வைப்பதில்லை. ஒரு பொருளை மதிப்பிடுகிறவனுக்கு இது பெரிய இடையூறு. எந்தப் பாகம் எத்தனை மணித்தியாலம் ஓடியது, கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தார்கள், எது தள்ளிப் போடப்பட்டது என்ற மூன்று விடயமும் தெரியாமல் ஓர் இயந்திரத்துக்குப் புள்ளி போட முடியாது. என் கராஜில்கூட ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கொப்பி இருக்கிறது. உரிமையாளர் கேட்டால் காட்டுவேன். இந்த உலங்குவானூர்திகளின் உரிமையாளர் யார் என்று கேட்டால் பொதுமக்கள் என்றுதான் பதில் வரும்.

இதே வகையின் மிகப் புகழ்பெற்ற விபத்து ஈரானில் நடந்தது. 2024 மே 19ஆம் திகதி அந்நாட்டு ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி சென்ற பெல் 212 மலையில் மோதியது. மூடுபனியே காரணம் என்று ஈரானிய விசாரணை சொன்னது. எதுவாயினும், நாட்டின் ஜனாதிபதியே அத்தனை பழைய உலங்குவானூர்தியில் போனதற்கு ஈரானுக்கு ஒரு சாட்டு இருந்தது: அமெரிக்கத் தடையினால் அதற்குப் புதியதும் கிடைக்காது, பாகமும் நேராகக் கிடைக்காது. இலங்கைக்கு அந்தச் சாட்டும் இல்லை. மறுபுறம், இந்த இயந்திரம் பிறக்கக் காரணமான கனடிய ஆயுதப்படையோ 1990களின் முடிவுக்குள் தன்னிடம் இருந்தவற்றுக்கு ஓய்வு கொடுத்து, அதே நிறுவனத்தின் பெல் 412 வழிவந்த நான்கு தகட்டு உலங்குவானூர்திக்கு மாறிவிட்டது. பிள்ளையைப் பெற்றவரே ஓய்வு கொடுத்த பின் தத்தெடுத்தவர் இன்னும் வேலை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

பணம் இல்லை என்று சொல்வார்கள். எங்கள் ஊரில் இருந்துகொண்டு அந்தப் பதிலை ஏற்றுக்கொள்வது கடினம், ஏனெனில் எங்கள் மேல் பறப்பதற்கு எப்போதும் பணம் இருந்தது. 2006இல் உக்ரைனிலிருந்து நான்கு மிக் 27 வாங்கினார்கள். அவை 1980க்கும் 1983க்கும் இடையில் செய்யப்பட்டவை என்றும், பணம் போன வழி சரியில்லை என்றும் சண்டே லீடர் பத்திரிகை எழுதியது. அந்தக் கொள்வனவு தொடர்பாக ரஷ்யாவுக்கான முன்னாள் தூதுவர் உதயங்க வீரதுங்க 2020இல் கைது செய்யப்பட்டார். வழக்கின் போக்கை விட்டுவிடுவோம். இருபது வயது தாண்டிய போர் வானூர்தியைத் தேடிப் பிடித்து வாங்கும் சுறுசுறுப்பு அன்று இருந்தது என்பதே எனக்கு வேண்டிய செய்தி. அடுத்து 2021இல், நாடு டொலர் வங்குரோத்தை நோக்கிச் சரிந்துகொண்டிருந்த அதே ஆண்டில், ஐந்து கிபிர்களைப் புதுப்பிக்க இஸ்ரேலிய நிறுவனத்துடன் 49 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் செய்தார்கள். கிபிர் என்ற சொல் வன்னியில் எதை நினைவூட்டும் என்று நான் எழுத வேண்டியதில்லை. 2006 ஓகஸ்ட் 14இல் வள்ளிபுனத்தில் செஞ்சோலை என்ற சிறுவர் இல்ல வளாகத்தின் மேல் அது குண்டு போட்டுச் செய்த வேலையை எங்கள் ஊர் மறக்கவில்லை. அந்த நினைவை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தாலும் கேள்வி எஞ்சி நிற்கிறது: 2009இன் பின் இந்த நாட்டின் வானத்தில் கிபிர் துரத்த வேண்டிய எதிரி யார்? வெள்ளமும் மண்சரிவும் ஆண்டு தவறாமல் வருகின்றன. அவற்றுக்குப் பறப்பது இந்தப் பழைய பெல்.

இன்னொரு கணக்கும் உண்டு. பாதுகாப்புக்கு ஒதுக்கும் பணத்தின் பெரும்பகுதி சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும் சீருடைக்கும் போகிறது. பொருள் வாங்க எஞ்சுவது சொற்பம். 200,783 என்று அனுமதிக்கப்பட்டிருந்த இராணுவத்தின் ஆளணியை 2024இல் 135,000 ஆகவும் 2030இல் 100,000 ஆகவும் குறைப்பதாக அரசாங்கமே 2023 ஜனவரியில் அறிவித்தது. ஏ 9இல் ஆனையிறவு வரை ஒரு தடவை போய் வந்தவர் எவருக்கும் அந்த ஆளணியின் பருமனை விளக்கத் தேவையில்லை. முகாம், பண்ணை, வீதியோரத் தேநீர்க்கடை என்று விரிந்து கிடக்கும் அந்த ஏற்பாட்டைக் கட்டிக் காக்கும் காசில்தான் சுழல்தகட்டுக்கான காசும் கரைகிறது. விமானப்படையும் விலக்கன்று: கேப்பாப்பிலவு, பிலவுக்குடியிருப்பு மக்கள் விமானப்படையிடமிருந்து தங்கள் சொந்தக் காணியை மீட்க 2017இல் ஒரு மாதம் இரவு பகலாக வாசலில் இருக்க வேண்டியிருந்தது. நிலத்தைப் பிடித்து வைத்திருக்க எடுத்த அக்கறையில் கால்வாசியை வானூர்திப் பக்கம் செலுத்தியிருக்கலாம் என்று சொன்னால் என்னைக் குதர்க்கம் பேசுகிறான் என்பார்கள். சொல்லிவிட்டேன்.

அயல்நாட்டைப் பார்த்து ஆறுதல் அடையலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இந்தியா 1963இல் சேர்த்த மிக் 21 வகைக்கு 2025 செப்டெம்பர் 26இல்தான் விடை கொடுத்தது. வாங்கிய 872 மிக் ரக வானூர்திகளில் 482 விபத்தில் போயின, 171 ஓட்டிகளும் 39 பொதுமக்களும் மாண்டார்கள் என்று பாதுகாப்பு அமைச்சர் ஏ. கே. அந்தோனி 2012இலேயே பாராளுமன்றத்தில் சொல்லியிருந்தார். சொன்ன பின்னும் பதின்மூன்று ஆண்டுகள் அவற்றில் ஒரு பகுதி பறந்தது. மாற்றீடாக 1983இல் அனுமதி பெற்ற தேஜஸ் முதலில் பறந்தது 2001இல், படைப்பிரிவாக அமைந்தது 2016இல். டித்வாவுக்கு உதவ வந்த இந்திய உலங்குவானூர்திகளிலும் சேத்தக் இருந்தது. அதன் பிரெஞ்சு மூல வடிவம் 1959இல் பறந்தது. எங்கள் கிழட்டு மாட்டுக்குத் துணையாக அவர்களும் கிழட்டு மாட்டையே அவிழ்த்துவிட்டார்கள். ஆயினும் வந்தார்கள், உயிரைக் காத்தார்கள், நன்றி மறக்கலாகாது. ஒரேயொரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளலாம்: அங்கே 482 என்ற எண்ணை அமைச்சர் வாயால் பாராளுமன்றத்தில் சொல்ல வைக்க முடிந்தது.

தானமாக வருவதும் உண்டு. 2022 ஓகஸ்ட்டில் இந்தியா ஒரு டோனியர் தந்தது. 2024 டிசெம்பரில் அவுஸ்திரேலியா ஒரு கிங் எயார் தந்தது. இரண்டும் கடலைக் கண்காணிப்பவை. கொடுப்பவர் தமக்கு எது தேவையோ அதைத்தான் கொடுப்பார். அகதிப்படகு புறப்படுகிறதா என்று பார்ப்பதற்கு அவை மிகவும் உகந்தவை. ஒட்டுசுட்டானில் கூரையில் இருப்பவரைத் தூக்க அவற்றால் ஆகாது.

பொருளை மதிப்பிட்டபின் வாங்குபவருக்கு ஆலோசனை சொல்லுவது வழக்கம். இங்கே வாங்குபவர் அரசாங்கம் என்பதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். பெல் 212ஐத் திருத்தத் திருத்த ஆகும் செலவை ஐந்து ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையை வெளியே சொல்லுங்கள். மீட்புப் பணிக்கென்று நடுத்தர உலங்குவானூர்தி சிலவற்றை, கிபிருக்கு ஒப்பந்தம் எழுதிய அதே மேசையில் வைத்து, திறந்த கேள்விப்பத்திரம் மூலம் வாங்குங்கள். இரண்டாங்கையாக வாங்குவதிலும் வெட்கமில்லை. நானே என் கராஜின் கடைசல் இயந்திரத்தை இரண்டாங்கையாகத்தான் வாங்கினேன். ஆனால் வாங்க முன் கொப்பியைப் பார்த்தேன், அச்சைத் துடைத்து வெண்கட்டித் தூள் தூவினேன், விற்றவரின் பெயரும் முகவரியும் பற்றுச்சீட்டில் இருந்தன. மிக் 27 விவகாரத்தில் ஊர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் அந்தப் பற்றுச்சீட்டைப் பற்றியதே. அதுவரை ஓட வேண்டிய பழையவற்றில் விழா, அணிவகுப்பு, சாகசக் காட்சி, பிரமுகர் போக்குவரத்து ஆகியவற்றை நிறுத்திவிட்டு, மிஞ்சியுள்ள பறப்பு மணித்தியாலங்களை வெள்ளத்துக்கும் நோயாளருக்கும் சேமித்து வையுங்கள். இயந்திரத்துக்கு நான்கு புள்ளி, ஏற்றிச் சென்ற பையன்களுக்கு ஐந்து, உரிமையாளர் இடத்தில் நின்று முடிவெடுக்கிறவர்களுக்கு ஒன்று. அந்த ஒன்றும், ஆளணிக் குறைப்பை வாயால் ஒத்துக்கொண்டதற்காக.

இப்படிப்பட்ட மதிப்பீட்டை விமானப்படையின் மேல் வன்னித் தமிழன் எழுதினால், பழைய கோபத்தைத் தீர்க்கிறான் என்று ஒரு சாராரும், அவர்களுக்காக நீ ஏன் கவலைப்படுகிறாய் என்று மறு சாராரும் கேட்பார்கள். இருசாராருக்கும் என்னிடம் நீண்ட பதில் இல்லை. மாதுறு ஓயாச் செய்தி வந்த மறுநாள் கராஜில் பத்திரிகையை விரித்து, மாண்ட ஆறு பேரின் பெயர்களையும் இரண்டு தடவை வாசித்தேன். விமானப்படையினர் இருவரின் பெயரில் வந்ததும் நின்றேன். நவம்பர் முடிவில் லுணுவிலச் செய்தி வந்தபோதும் அப்படியே செய்தேன். ஆச்சியின் காதுக்குப் பஞ்சு கொடுத்த அந்தப் பையனின் பெயரை நான் அன்று கேட்கவில்லை.